சூடானதும் நின்றுபோகும் எஞ்சின்

காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். அரை மணி நேரம் குறையில்லாமல் ஓடும். பிறகு சிக்னலில் நிற்கும்போதோ, பாலம் ஏறும்போதோ, மலைப்பாதையில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவிலோ நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் சூடு தணிந்ததும் தானாகக் கிளம்பும். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்கவே நிற்காது. “அண்ணே, சூடானா ஆஃப் ஆயிடுதுண்ணே” என்று சொல்பவரின் எதிரிலேயே அது சீராக ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், பாயிண்டை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார். சில நாளில் வண்டி மறுபடி நடுரோட்டில் நிற்கும்.

இது மாதக்கணக்கில் இழுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சோதிக்கும் நேரம் தவறு. எஞ்சின் நின்ற அடுத்த ஐந்து, பத்து நிமிடம்தான் கெட்ட பாகம் கெட்ட நிலையில் இருக்கிறது. ஆறிவிட்டால் அதே பாகம் நன்றாக வேலை செய்யும். மல்டிமீட்டரும் நல்லது என்றே காட்டும். ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதைத்தான்: வண்டி நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிடுங்கள். அதுவரை எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

இங்கே மனதில் வைத்திருப்பது கார்புரேட்டர் கார்களை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசடர், 1089 சிசி பிரீமியர் பத்மினி, 796 சிசி பழைய மாருதி 800. எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் செலுத்தும்) கார்களைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். டீசல் வண்டிகளை இங்கே தொடவில்லை.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றால் அது கூலிங் கோளாறு. ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துப்போன ரேடியேட்டர், ஹெட் கேஸ்கெட் என்று அதற்கு வேறு வழி. நாம் பேசுவது முள் நடுவில் சாதாரணமாக நிற்கும்போதே எஞ்சின் அணைந்துபோவதைப் பற்றி. சூட்டில் நின்ற எந்த வண்டியிலும் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்க வேண்டாம்.

டிக்கியில் வைத்திருக்க வேண்டியவை

ஒரு பழைய, ஆனால் நல்ல ஸ்பார்க் பிளக். அதன் உடம்பில் சுற்றிய ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் எர்த்தில் மாட்ட ஒரு கிளிப். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப். சாதாரண மல்டிமீட்டர். கைப்பிடியில் இன்சுலேஷன் உள்ள பிளையர். ஸ்க்ரூடிரைவர், இரண்டு மூன்று ஸ்பேனர், ஒரு பருத்தித் துணி, இரண்டு லிட்டர் தண்ணீர், சின்ன தீயணைப்பான். இவ்வளவு இருந்தால் ரோட்டோரத்திலேயே கோளாறை முக்கால்வாசி பிடித்துவிடலாம். தீயணைப்பான் அலங்காரத்துக்கு இல்லை. சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றப்போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

எப்படி நின்றது?

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதிச் செய்தி உங்களிடம் இருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்தவர் கவனித்திருந்தால் போதும்.

சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரு நொடியில் சத்தமில்லாமல் நின்றதா? அது பெரும்பாலும் கரண்ட் பக்கம். இருமி, திணறி, இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் தளர்ந்து நின்றதா? பெட்ரோல் வரவில்லை. ஓடும்போது ஒன்றுமில்லை, கியரை நியூட்ரலில் போட்டு வேகம் குறைந்ததும் நின்றதா? ஐடிலிங் ஜெட், காற்றுக் கசிவு, சோக், டேப்பட் ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். ஓட்டத்தில் நிற்காமல், டீக்கடையில் நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுக்கும்போது மட்டும் எடுக்க மறுக்கிறதா? அது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்த வேலை.

கடைசியாகச் சொன்னது பலருக்குப் புதிராக இருக்கும். ஓடும்போது வராத சூடு நின்ற பிறகு எப்படி வரும்? ஓடும்போது தண்ணீர் சுழல்கிறது, ஃபேன் காற்றடிக்கிறது, புதுப் பெட்ரோல் குளிர்ச்சியாக வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் மூன்றும் ஒரேயடியாக நின்றுவிடுகின்றன. பழுத்த மேனிஃபோல்டின் சூடு மட்டும் மேலே ஏறுகிறது. பானெட்டுக்குள் வெப்பம் உச்சத்துக்குப் போவது வண்டி நின்ற பிறகுதான்.

ஐந்து நிமிடச் சோதனை

வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, முக்கோணப் பலகையை வைத்துவிட்டு நேராக ஸ்பார்க்குக்குப் போங்கள். அதுதான் விரைவில் முடியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள காயில் வயரை உருவி, டெஸ்ட் பிளக்கில் மாட்டி, கிளிப்பை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் கடியுங்கள். கார்புரேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும்படி ஸ்பார்க் பாய்ந்தால் காயில் வரை நல்லது. மஞ்சளாக, நூல்போல மெலிந்து வந்தாலும் கெட்டதே. வரவேயில்லை என்றால் கேள்வியே இல்லை.

காயில் வயரில் நல்ல ஸ்பார்க் வந்து, பிளக் வயரில் வரவில்லை என்றால் ரோட்டரையும் மூடியையும் பாருங்கள். ரோட்டரின் நடு ரிவெட் வழியாகக் கரண்ட் கீழே தண்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு போவது உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கரிக்கோடுதான் இருக்கும். சூட்டில் மட்டும் வேலையைக் காட்டும்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். ஏர் ஃபில்டரைக் கழற்றி, செல்ஃப் அடிக்காமல், கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் ஒருமுறை இழுங்கள். ஆக்சிலேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் பெட்ரோல் கம்பிபோலப் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உள்ளே பெட்ரோல் இல்லை. (ஆரம்பகால அம்பாசடர்களில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் இந்தப் பம்ப் கிடையாது. அதில் ஃப்ளோட் அறையின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.) வாய் முழுக்க ஈரம், மூக்கைத் துளைக்கும் வாடை என்றால் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கரண்டா, பெட்ரோல் குறைவா, பெட்ரோல் அதிகமா என்று இங்கேயே பிரிந்துவிடும்.

பெட்ரோல் டேங்க் மூடியையும் இந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே திறந்து பாருங்கள். ‘புஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குள் வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போகிறது. இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை; அரை மணி நேரம் ஓடிய பிறகு வருவதால் சூடு என்று நினைத்துவிடுகிறோம். வண்டியின் சொந்த மூடி தொலைந்து, கடையில் வாங்கிய ஏதோ ஒரு மூடியைப் போட்ட வண்டிகளில் இது அடிக்கடி வரும்.

கரண்ட் பக்கம்

ஸ்பார்க் இல்லை என்று தெரிந்ததும் டெஸ்ட் லேம்பை எடுங்கள். ஒருமுனை எர்த்தில். மறுமுனையை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறிய வயர் மாட்டியிருக்கும் முனையில் வையுங்கள். சாவி ஆனில் இருக்க, செல்ஃப் அடிக்கும்போது விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். அப்படி மின்னினால் பாயிண்ட் வேலை செய்கிறது. ஆனாலும் ஸ்பார்க் இல்லை என்றால் காயிலின் உள் சுற்று அல்லது கண்டென்சர்.

மின்னாமல் நிலையாக எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் அந்தச் சின்ன வயர் உள்ளே அறுந்திருக்கலாம். வேக்குவம் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் அது வளைந்து வளைந்து, மேலே உறை நன்றாக இருக்கும்போதே உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். விரலால் மெல்ல இழுத்தால் ரப்பர்போல நீளும், அதுதான் அடையாளம்.

விளக்கு எரியவே இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு அதே முனையில் மறுபடி வையுங்கள். இப்போது எரிந்தால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்: கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது பாயிண்டின் இன்சுலேஷன் போயிருக்கிறது. அப்போதும் எரியாமல், காயிலின் மறுமுனையில், அதாவது சாவியிலிருந்து கரண்ட் வரும் முனையில், எரிந்தால் காயிலின் பிரைமரி சுற்று அறுந்துவிட்டது. அங்கேயும் எரியவில்லை என்றால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், வயரிங் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் கரண்ட் கோளாறில் ஊகத்துக்கு இடமே இல்லை.

காயில் சூட்டில் மட்டும் கெடுவது ஏன்? உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கிறது. ஓரிடத்தில் கம்பி விட்டிருந்தாலும் குளிரில் இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரியும்போது விலகிவிடும். அல்லது இன்சுலேஷன் வார்னிஷ் உரிந்து, சூட்டில் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. துணியை நனைத்துக் காயிலின் உடம்பில் மட்டும் சுற்றுங்கள். மூடியிலும் முனைகளிலும் தண்ணீர் படக் கூடாது. சில நிமிடத்தில் ஸ்பார்க் திரும்பினால் வேறு சாட்சி வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் சூட்டோடு அளந்துவிடுங்கள். பாலஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம் இருக்கும், பாலஸ்ட் உள்ளதற்குச் சுமார் 1.5 ஓம். செகண்டரி சில ஆயிரம் ஓம். செம்பு சூடாகும்போது ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கூடுவது இயற்கை. 50 டிகிரி கூடினால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். 3 ஓம் 3.6 ஆவதைப் பார்த்துக் காயிலைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அளவு எல்லையில்லாமல் போனாலோ, கம்பியை அசைக்கும்போது தாவினாலோதான் மாற்ற வேண்டும். புதுக் காயில் வாங்கும்போது பாலஸ்ட் உள்ளதா இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். பாலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் போட்டால் அது கொதித்து, பாயிண்டையும் கருக்கிவிடும். புதுக் காயில் போட்ட பிறகு கோளாறு அதிகமானது என்று சொல்பவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு வழக்கத்தையும் கைவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியாக 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 50 வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள் இறங்கும்.

கண்டென்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய காரில் மிகவும் மலிவான பாகம் அது. இன்று கடையில் கிடைப்பவற்றில் தரம் மிகவும் ஏற்றத்தாழ்வாக இருப்பதும் அதுதான். புதிதாகப் போட்ட கண்டென்சர் சில நூறு கிலோமீட்டரில் சூட்டில் போவதைப் பார்த்திருக்கிறேன். பாயிண்டுகளுக்கு நடுவே பளிச்சென்று தீப்பொறி அடிப்பதும், முகங்கள் நீலமாகக் கருகுவதும் இதன் அறிகுறி. பழைய நல்ல கண்டென்சர் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பாயிண்ட் இடைவெளி அம்பாசடரில் 0.35 முதல் 0.40 மி.மீ., மெக்கானிக்குகள் சொல்லும் 15 தௌ. பாயிண்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்தாலும் சூட்டில் ஐடிலிங் நிலைக்காது.

பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனில் சந்தேகம் பிக்கப் காயில் மீதும் மாட்யூல் மீதும் போக வேண்டும். மாட்யூலின் அடியில் வெள்ளை ஹீட் பேஸ்ட் தடவியிருக்க வேண்டும். யாரோ கழற்றி, துடைத்து, பேஸ்ட் இல்லாமல் மாட்டியதால் சூடு இறங்க வழியில்லாமல் மாட்யூல் அணைந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

பெட்ரோல் பக்கம்

நம் ஊர் வெயிலுக்கு இதுதான் முக்கியமான பகுதி. பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் இல்லை. அதிலுள்ள லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும்; கனமான பகுதிகளுக்கு 200 டிகிரி வரை வேண்டும். கத்திரி வெயிலில் வெளிக்காற்றே 40 டிகிரி இருக்கும்போது பானெட்டுக்குள் குழாய் எவ்வளவு சூடாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய கார்களில் எஞ்சினோடு பொருத்திய பம்ப், நம் மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்வது, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஆகவே டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான் பெட்ரோல் முதலில் ஆவியாகிறது. பம்பின் டயாஃப்ரம் திரவத்தைத் தள்ளச் செய்தது. ஆவி அதற்குள் சுருங்கி விரிந்துகொண்டு அங்கேயே கிடக்கும். இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ இது வருவதற்குக் காரணம் தெளிவு: எஞ்சினுக்குச் சுமை அதிகம், வண்டியின் வேகம் குறைவு, எதிர்க்காற்று இல்லை. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும்.

மலையேறும் டாக்ஸி ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு போனது வெறும் நம்பிக்கை இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நமக்கு அது சோதனையும்கூட. வண்டி நின்றதும் துணியை நனைத்துப் பம்பிலும் அதற்கு வரும் குழாயிலும் போடுங்கள். சில நிமிடத்தில் எடுத்தால் ஏர் லாக் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் பக்கெட் தண்ணீரை எடுத்து வீசாதீர்கள். பழுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

எல்லா ஏர் லாக்கும் வெயிலால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பம்ப் தளர்ந்திருந்தால் குறைந்த சூட்டிலேயே தோற்றுவிடும். கார்புரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். காயில் வயரைப் பிடுங்கி எர்த் செய்துவிட்டு, எஞ்சின் ஆறிய பின் செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் வேகமாகப் பாய வேண்டும். மெல்லச் சொட்டினால் டயாஃப்ரம் அல்லது வால்வு போயிருக்கிறது. பாய்ச்சலோடு குமிழி குமிழியாக வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஏதோ ஒரு ரப்பர் ஹோஸ் காற்றை இழுக்கிறது. பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் குழாய் உலர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இந்த ரப்பர் விஷயம் இப்போது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று பரவலாகப் பங்குகளில் வருகிறது. பழைய கார்களின் ஹோஸ், டயாஃப்ரம், கேஸ்கெட் எதுவும் எத்தனாலை நினைத்துச் செய்தவை இல்லை. ஹோஸின் உள்பக்கம் ஊதி, மென்மையாகி, தோல்போல உரியும். அந்தத் தோல் சூட்டில் வால்வுபோல மடிந்து வழியை அடைக்கும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதாகவே இருக்கும். எத்தனாலுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவையும் மெலிகிறது. மெலிந்த கலவையில் ஓடும் எஞ்சின் ஐடிலிங்கில் எளிதில் நிற்கும். எத்தனால் தாங்கும் என்று மேலேயே அச்சிட்ட ஹோஸ் கிடைக்கிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பழைய காரை நேசிப்பவர் இந்த ஆண்டு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அதை இதில் செய்யட்டும். வண்டி நிற்காமல் இருப்பதற்கு மட்டும் சொல்லவில்லை, தீப்பிடிக்காமல் இருப்பதற்கும்.

டேங்க்குள் துருவும் கசடும் இருந்தாலும் சூட்டுக் கோளாறுபோலவே தோன்றும். ஓட ஓடக் கசடு உறிஞ்சுகுழாயின் வாயில் வந்து ஒட்டும். வண்டி நின்றதும் உறிஞ்சுதல் நின்று, கசடு கீழே விழும். பத்து நிமிடத்தில் வண்டி எடுக்கும். வேகமாக ஓட்டினால் சீக்கிரம் நிற்கிறது, மெல்ல ஓட்டினால் தாமதமாக நிற்கிறது என்றால் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள்.

இனி, நிறுத்தி எடுக்கும்போது மட்டும் மறுக்கும் வண்டி. அம்பாசடரில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அணைத்ததும் ஏறும் சூட்டில் ஃப்ளோட் அறையிலுள்ள பெட்ரோல் கொதித்து, ஜெட் வழியாக வழிந்து இன்டேக் மேனிஃபோல்டை நனைத்துவிடும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிப்பதுபோல் மிதிப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை. சோக் இழுக்காமல், ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று நிறையப் போய் அதிகப் பெட்ரோலைத் துடைத்துக்கொண்டு எஞ்சின் எடுக்கும்.

நிரந்தரத் தீர்வுக்குப் பார்க்க வேண்டியது கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள கெட்டியான பேக்கலைட் துண்டு, தகட்டு ஹீட் ஷீல்டு. பல வண்டிகளில் இவை இருப்பதே இல்லை. ஏதோ ஒரு காலத்தில் கார்புரேட்டரைக் கழற்றியவர், இது எதற்கு என்று தெரியாமல், மெல்லிய காகித கேஸ்கெட்டை மட்டும் வைத்து மாட்டியிருப்பார். தகட்டை வெட்டி ஷீல்டு செய்துகொள்வது உள்ளூர் லேத்தில் ஒரு மணி நேர வேலை. ஃப்ளோட் மட்டம் அதிகமாக இருக்கிறதா, நீடில் வால்வு சொட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஐடிலிங்கில் மட்டும் நின்றால்

சோக் இழுத்து ஓடும் வரை நன்றாக இருந்து, சோக்கை உள்ளே தள்ளியதும் நிற்கும் வண்டி உண்டு. சோக் கொடுத்த கூடுதல் பெட்ரோல் வேறொரு குறையை மறைத்துக்கொண்டிருந்தது. ஐடிலிங் ஜெட் (ஸ்லோ ஜெட்) அடைத்திருக்கலாம். அதைக் கழற்றிக் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸ் ஆகியவற்றில் விரிசல் இருக்கலாம். ஒவ்வொரு ஹோஸாகப் பிளையரால் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் நிமிர்கிறதோ அதில்தான் கசிவு. பிந்தைய மாருதி கார்புரேட்டர்களில் ஐடிலிங் பெட்ரோலைத் திறந்துவிடும் சாலனாய்டு ஒன்று இருந்தால், சாவியை ஆன் செய்யும்போது அது ‘டக்’ என்று சொல்ல வேண்டும். சூட்டில் சொல்லவில்லை என்றால் அதுதான்.

மாறாக சோக் கேபிள் சிக்கி, உள்ளே தள்ளியும் மடல் திறக்காமல் இருந்தால் கறுப்புப் புகை வரும், பிளக் கரியாகும். இதைக் கண்ணால் பார்த்தே முடித்துவிடலாம்.

டேப்பட் இறுக்கத்தை மட்டும் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு சூட்டில் நீளும். இடைவெளி போதாமல் இருந்தால் வால்வு முழுவதும் மூடாது, கம்ப்ரெஷன் கசியும், ஐடிலிங்கில் நிற்கும், சூட்டில் எடுக்கச் சிரமப்படும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டின் வால்வு சீட்டுகளுக்கு ஈயம் ஒரு பூச்சுபோலப் பாதுகாப்பு தந்துவந்தது. அது போனபின் சீட் மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்து வால்வு மேலே ஏறுகிறது, டேப்பட் இடைவெளி தானாகக் குறைகிறது. எல்.பி.ஜி. கிட் போட்டு ஓட்டிய வண்டிகளில் இது இன்னும் வேகம். டேப்பட் சத்தமே போடாத பழைய எஞ்சினைப் பார்த்து மகிழ வேண்டாம், ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 1489 சிசி அம்பாசடருக்கு 15 தௌ, 796 சிசி மாருதிக்குக் குளிர்ந்த நிலையில் சுமார் 0.15 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே இடைவெளி மறுபடி குறைந்தால் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் போட்டுவிடுவதே சரி. கம்ப்ரெஷனை ஒருமுறை குளிரிலும் ஒருமுறை சூட்டிலும் எடுத்து ஒப்பிட்டால் இந்தக் கோளாறு தெளிவாகத் தெரியும்.

எம்.பி.எஃப்.ஐ. கார்கள்

1998-இல் வந்த சான்ட்ரோ, 2000-ஐ ஒட்டிய மாருதி 800 போன்றவையும் இப்போது பழைய கார்தான். இவற்றில் பெட்ரோல் அழுத்தத்தோடு வருவதால் ஏர் லாக் அரிது. சூட்டில் சட்டென்று நின்றால் கிராங்க் சென்சார் அல்லது கேம் சென்சாரை முதலில் சந்தேகியுங்கள். உள்ளே இருப்பது பழைய காயில் போன்ற ஒரு சுற்றோ, ஒரு சிறு எலக்ட்ரானிக் துண்டோதான். சூட்டில் விடும், ஆறினால் சேரும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமும் அசையாமல், ஸ்பார்க்கும் இன்ஜெக்டர் துடிப்பும் சேர்ந்தே போயிருந்தால் அதுவே அடையாளம். குளிர்ந்த வண்டியில் ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடேற்றிக் கோளாறை வரவழைத்தும் பார்க்கலாம்.

அடுத்து மெயின் ரிலே, பெட்ரோல் பம்ப் ரிலே. உள்ளே சால்டர் விரிசல் விட்டு, கேபின் சூட்டில் தொடர்பு விட்டுப்போகும். சாவி ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகுகிறதா என்று காது கொடுங்கள். ஐடிலிங்கில் மட்டும் நின்றால் ஐடில் வால்வில் கரி. கூலன்ட் சென்சார் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொன்னால் பெட்ரோல் கொட்டும். சாதாரணமாக அதன் ரெசிஸ்டன்ஸ் குளிரில் இரண்டாயிரம் ஓமுக்கு மேலும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் இருக்கும்.

சரியாகிவிட்டதா?

ஒரு பாகத்தை மாற்றிய பிறகு வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். எந்த வெயிலில், எந்த வழியில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு நின்றதோ அதே நிலையில் ஓட்டுங்கள். நாற்பது நிமிடம் ஓட்டி, பதினைந்து நிமிடம் பானெட்டைத் திறக்காமல் நிறுத்தி, மறுபடி எடுங்கள். எடுத்ததும் ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள், ஹெட்லைட்டைப் போட்டு வைத்து. இதில் நிற்கவில்லை என்றால் வேலை முடிந்தது.

ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மாற்ற வேண்டும். காயிலையும் கண்டென்சரையும் பம்பையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய், நல்ல பாகங்களும் குப்பைக்குப் போகும். கழற்றிய பாகம் நல்லது என்று தெரிந்தால் அதில் தேதி எழுதி டிக்கியில் போட்டுவையுங்கள். கெட்டது என்று தெரிந்தால் கம்பியை வெட்டிவிட்டு எறியுங்கள், வேறு யாருடைய வண்டியிலும் அது மறுபடி ஏறாதபடி.